குடல் நரம்பு பழசு, கல்லாப்பெட்டி புதுசு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஹேண்டல் அண்ட் ஹைடன் சொசைட்டி என்று ஒரு சங்கம். 1815-ல் ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் அதன் கச்சேரி சீசன் அட்டவணையில் என்ன மாறினாலும் ஒரு வரி மட்டும் மாறாது. ஹேண்டலின் 'மேசியா'. நன்றி நவிலல் நாள் விடுமுறை முடிந்த கையோடு, குளிர் ஆரம்பிக்கும்போது. 1854-லிருந்து ஒவ்வொரு வருஷமும்!

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். வேறு ஒரு சங்கம் செய்தால் தப்பே இல்லை. இவர்கள் செய்வதுதான் இடிக்கிறது.

ஏனென்றால் இது சாதாரண ஆர்கெஸ்ட்ரா அல்ல. 1986-ல் இங்கிலாந்துக்காரரான கிறிஸ்டோபர் ஹாக்வுட் இசை இயக்குநராக வந்தார். (இசை இயக்குநர் என்றதும் சினிமாவுக்கு ட்யூன் போடுபவர் என்று நினைக்க வேண்டாம். சீசனில் எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது என்று முடிவு செய்து, குழுவை முன்னால் நின்று நடத்துபவர்.) வந்தவர் சங்கத்தையே தலைகீழாகப் புரட்டினார். ஸ்டீல் கம்பி போட்ட வயலின் வெளியே, ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு போட்ட வயலின் உள்ளே. வால்வு இல்லாத ட்ரம்பெட், மரத்தில் செய்த புல்லாங்குழல், ஹார்ப்சிகார்ட், குறைந்த ஸ்ருதி. ஹேண்டல் காலத்தில் எப்படிக் கேட்டதோ அப்படி. இந்த வகைக்கு 'ஏர்லி மியூசிக்' என்று பெயர். அவருக்குப் பிறகு வந்த கிராண்ட் லெவெலின், ஹாரி கிறிஸ்டோபர்ஸ், 2023-லிருந்து ஜொனாதன் கோஹன் எல்லோரும் அதே பாதைதான்.

அதாவது "வரலாற்றுக்கு விசுவாசம்" என்பதுதான் இவர்கள் கடையின் போர்டு. போர்டைப் பார்த்து உள்ளே போகிறவன் கேள்வி கேட்கத்தானே செய்வான்?

முதலில் ஒரு சின்ன விஷயம். இந்த உலகத்தில் எல்லோரும் சத்தியம் செய்யும் ஸ்ருதி 415. இன்றைய 440-லிருந்து சரியாக அரை ஸ்வரம் கீழே. பதினெட்டாம் நூற்றாண்டில் எல்லா ஊரும் கூடிப் பேசி 415 என்று தீர்மானம் போட்டதா? இல்லவே இல்லை. ஊருக்கு ஒரு ஸ்ருதி, சர்ச்சுக்கு ஒரு ஸ்ருதி. ஹேண்டலுடையது என்று சொல்லப்படும் ட்யூனிங் ஃபோர்க் ஒன்று இருக்கிறது, அது காட்டுவது 422.5. அரை ஸ்வரம் என்றால் ஹார்ப்சிகார்டின் கீபோர்டை ஒரு கட்டை நகர்த்தினால் போதும், 440-க்கும் 415-க்கும் ஒரே வாத்தியம் போதும். சௌகரியத்துக்காக வந்த எண். இருக்கட்டும், இதை மன்னிக்கலாம். நடைமுறை என்று ஒன்று உண்டு.

மன்னிக்க முடியாதது டிசம்பர்.

மேசியா முதன்முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13, டப்ளின் நகரில், ஃபிஷாம்பிள் தெருவில் இருந்த அரங்கில். லண்டனில் முதல் தடவை 1743 மார்ச், தவக்காலத்தில். ஹேண்டல் கடைசியாக இதைக் கேட்டது 1759 ஏப்ரல் 6. எட்டு நாளில் இறந்துபோனார். அவருக்கு இது ஈஸ்டரை ஒட்டிய சமாச்சாரம். பாட்டிலேயே அது தெரியும். மூன்று பாகத்தில் முதல் பாகத்தில்தான் பிறப்பு. இரண்டாவது பாடுகளும் மரணமும் உயிர்த்தெழுதலும், மூன்றாவது மறுவாழ்வு. ஊரே எழுந்து நிற்கும் அந்த 'அல்லேலூயா' இரண்டாம் பாகத்தின் முடிவில் வருகிறது, மாட்டுத்தொழுவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (ராஜா இரண்டாம் ஜார்ஜ் எழுந்து நின்றார், அதனால் எல்லோரும் நிற்கிறார்கள் என்பதற்கும் அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது.)

நரம்பு ஆட்டுக்குடலா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்களுக்கு மாதம் மட்டும் கண்ணில் படாதா?

தேதியைக்கூட விட்டுவிடலாம். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை இவர்கள் விழுங்கிவிட்டார்கள். டப்ளின் கச்சேரி யாருக்காக நடந்தது? கடன் கட்ட முடியாமல் ஜெயிலில் கிடந்தவர்களுக்காகவும், இரண்டு தர்ம ஆஸ்பத்திரிகளுக்காகவும். கூட்டம் நெருக்கும் என்பதால் பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமல் வரவும், ஆண்கள் வாளை வீட்டில் வைத்துவிட்டு வரவும் விளம்பரத்திலேயே கேட்டுக்கொண்டார்கள். 700 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சுமார் 400 பவுண்டு வசூல். அந்தக் காசில் 142 பேர் கடன் அடைபட்டு ஜெயிலிலிருந்து வெளியே வந்தார்கள். ஒரு கச்சேரி, 142 மனிதர்கள்!

லண்டனிலும் இதே கதை. 1750-லிருந்து கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த ஃபவுண்ட்லிங் இல்லத்துக்காக ஹேண்டல் மேசியாவை நடத்தினார். முதல் வருஷம் இடமில்லாமல் ஆட்கள் திரும்பிப் போக, இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை நடத்த வேண்டியிருந்தது. பிரதி ஒன்றை அந்த இல்லத்துக்கே உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இங்கேதான் வேடிக்கை. ஹேண்டல் காலத்தில் மேசியாவை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று இன்று தெரிவது எப்படி? அந்த இல்லத்தின் 1754-ம் வருஷக் கணக்கு தப்பிப் பிழைத்திருக்கிறது, அதிலிருந்துதான். 14 வயலின், 6 வயோலா, 3 செல்லோ, 2 டபுள் பேஸ், 4 ஓபோ, 4 பஸூன் என்று யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல். ஹாக்வுட் பாஸ்டனுக்கு வருவதற்கு முன், 1980-ல் தன் குழுவோடு வெளியிட்ட புகழ்பெற்ற மேசியா இந்த 1754 வடிவம்தான். ஆக, இவர்கள் வேதமாகப் படிக்கும் ஆவணம் ஒரு அநாதை இல்லத்தின் செலவுக் கணக்கு. வயலின் எண்ணிக்கையை வரி விடாமல் படித்தார்கள். இது யாருடைய நோட்டு என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுபக்கத்து வாதங்களும் இருக்கின்றன, சும்மா விடக்கூடாது. முதலாவது, இது பாஸ்டனின் சொந்த மரபு என்பது. உண்மை. 1815-ல் சங்கத்தின் முதல் கச்சேரியே கிறிஸ்துமஸ் நாளில்தான், மேசியாவின் பகுதிகளோடு. 1818 கிறிஸ்துமஸில் அமெரிக்காவிலேயே முதன்முறையாக முழு மேசியாவையும் பாடினார்கள். இருநூறு வருஷ வழக்கத்தை மதிக்கலாம். ஆனால் அந்த வழக்கத்தில் அந்தந்தக் காலத்துப் புது வாத்தியமும் சேர்த்திதானே? அதை ஹாக்வுட் "ஹேண்டல் அப்படிச் செய்யவில்லை" என்ற காரணத்தால்தான் தூக்கினார். ஒலிக்கு ஹேண்டல், தேதிக்கு பாஸ்டன் தாத்தா என்றால் எது லாபமோ அதுவே மரபு என்று ஆகிறது.

இரண்டாவது, டிசம்பர் வசூல் இருந்தால்தான் மற்ற மாதங்களில் தெரியாத படைப்புகளைத் துணிந்து போட முடியும் என்பது. இதுதான் கனமான வாதம். சிம்பனி ஹாலில் 2,600-க்கு மேல் இருக்கைகள், அதை நிரப்புவது விளையாட்டில்லை. குடல் நரம்பு வாசிப்பவருக்கும் வீட்டு வாடகை உண்டு. ஆனால் தெரியாத படைப்புக்கு பாஸ்டனில் ஆள் வராது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. அதே ஊரில் 1981-லிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பாஸ்டன் ஏர்லி மியூசிக் ஃபெஸ்டிவல், 2005-ல் மாத்தேசனின் 'போரிஸ் குதுனோவ்' ஆபராவை மேடையேற்றியது. 1710-ல் எழுதி, மேடையையே பார்க்காமல், இரண்டாம் உலகப்போரில் காணாமல் போய், 1998-ல் ஆர்மீனியாவிலிருந்து ஹாம்பர்க்குக்குத் திரும்பி வந்த கையெழுத்துப் பிரதி அது. 2011-ல் ஸ்தெஃபானியின் 'நியோபே'. பால் ஓடெட், ஸ்டீபன் ஸ்டப்ஸ் என்ற இரண்டு லூட் கலைஞர்கள் நடத்தும் விழா. அதற்கும் இதே ஊரில்தான் ஆட்கள் வருகிறார்கள்.

2020 டிசம்பரில் கொரோனாவால் அரங்கம் மூடியபோது இதே சங்கம் மேசியாவை உள்ளூர் பொதுத் தொலைக்காட்சியில் கொடுத்தது. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனாலும் பல வருஷங்களில் ஹேண்டலுக்கு மிக அருகில் போனது அந்த வருஷம்தான்.

டிசம்பரை அடியோடு விடச் சொல்லவில்லை. கூடுதலாக ஒரே ஒரு நாள், ஏப்ரலில், 1754 கணக்கில் உள்ள அதே எண்ணிக்கையில் ஆட்களை வைத்து, அந்த ஒரு நாள் வசூலைக் கடனாளிகளுக்கு என்று அறிவிக்கட்டும். வாசிப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு, ஃபவுண்ட்லிங் இல்லமும் கொடுத்தது. கடனுக்காக ஜெயில் இன்று இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி பில்லால் கடனில் மூழ்கியவர்கள் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், பாஸ்டனிலும் இருப்பார்கள். அடுத்த சீசன் அட்டவணை வரட்டும், ஏப்ரல் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா பார்க்கலாம்.