பூண்டு கேப்சூல் உணவா, மருந்தா?

இடுக்கியின் தமிழ்நாட்டு எல்லையில் விளையும் காந்தல்லூர், வட்டவடை பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதையே கேப்சூலில் அடைத்து ஏற்றுமதி செய்தால் அது உணவா, மருந்தா?

இந்தக் கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. பூண்டு கேப்சூலை மருந்து என்று சொல்லி, உணவாக விற்க ஜெர்மனி அனுமதிக்கவில்லை. 2007 நவம்பரில் தீர்ப்பு ஜெர்மனிக்கு எதிராக வந்தது. ஒரு கேப்சூல் 7.4 கிராம் பச்சைப் பூண்டுக்குச் சமம். அந்தப் பலன் பூண்டை உணவாகச் சாப்பிட்டாலே கிடைக்கும். கேப்சூல் வடிவம் மட்டும் ஒன்றை மருந்தாக்கிவிடாது.

அப்போ சிக்கல் எங்கே? லேபிளில்தான். ‘ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்’ என்று அச்சடித்தால், அமெரிக்காவின் எஃப்டிஏ-வுக்கு அது அனுமதி பெறாத மருந்து. சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்தலாம். ‘இதய நலனுக்குத் துணை நிற்கும்’ என்றால், 1994 சட்டப்படி சப்ளிமென்ட். அதற்கும் ஆதாரம் கையில் இருக்கணும். ‘எந்த நோயையும் குணப்படுத்த அல்ல’ என்ற அறிவிப்பும் வேணும். இணையதளத்தில் எழுதுவதும் கணக்கில் வரும். பாட்டி வைத்தியத்தை அப்படியே ஆங்கிலத்தில் போடும் சின்ன நிறுவனங்களுக்கு ஆபத்து இங்கேதான்.

இந்தியாவில் கோடு வேறு. பழைய ஆயுர்வேத நூல்களின் செய்முறைப்படி மருந்தாகத் தயாரித்தால் ஆயுர்வேத மருந்து உரிமம் வேண்டும். 2022 முதல் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ‘ஆயுர்வேத ஆஹார’ என்ற உணவுப் பிரிவும் உண்டு. இங்கே மருந்து உரிமத்தில் தயாராகும் லேகியம், அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் சப்ளிமென்ட் என்ற பெயரில்தான் விற்கிறது.