தோடியை முடிக்க விடுங்கள்

கையைக் காட்டினார்கள், நிறுத்து என்று. வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை, ஐயா.

போன தை மாதம், திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு மண்டபம். வரவேற்பு நேரம். தோடியில் மேல் ஸ்தாயிக்கு ஏறிக் காந்தாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். லைட் மியூசிக்காரர்கள் மைக்கைச் சரிபார்க்க வேண்டுமாம். நாயனத்தின் சீவாளியை வாயிலிருந்து எடுத்தேன். நாற்பது வருஷம் ஊதிய வாய். பக்கத்தில் தவில் வாசித்த தம்பி, கூடு மாட்டிய விரல்களை மடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். கெட்டிமேளத்துக்கு மட்டும் காலையில் வந்தால் போதும் என்றார் ஏற்பாடு செய்தவர்.

நாயனம் என்றால் கெட்டிமேளம் மட்டும்தானா? விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, ஒரே ஸ்வரத்தில் மூச்சு தீரும்வரை நிற்க வைத்தாரே அப்பா, அதெல்லாம் இந்த ஒரு நிமிஷச் சத்தத்துக்கா? நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மனசு குளிர்ந்தது. ஆனால் அதைக் கடைகிற ஆச்சா மரத்துக்கு உயிர் கொடுக்கிறவனுக்கு உட்கார ஒரு ஜமக்காளம் விரிக்க ஆளில்லை. எங்கள் திருநீர்மலைப் பெருமாள் அடிவாரத்தில் நிற்கிறார். மலைமேல் இருக்கிறார், கிடக்கிறார், நடக்கிறார். நாங்கள் பந்தி ஓரத்தில் நின்றபடியே இருக்கிறோம்.

கோயிலாவது காப்பாற்றும் என்று நம்பினேன். நான் வாசித்துவந்த ஒரு சின்னக் கோயிலில் முரசும் மணியும் தானாக அடிக்கும் இயந்திரத்தை மாட்டினார்கள். ஸ்விட்சைப் போட்டால் தீபாராதனை முடிந்தது. விடியலில் பூபாளம், சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி என்று வேளை பார்த்து வாசித்தவன் நான். அந்த இரும்புக்கு விடியலும் ஒன்றுதான், அர்த்தஜாமமும் ஒன்றுதான்.

மயிலாப்பூர்ப் பக்கம் போனால் மட்டும் என்ன? மார்கழி விழாவைத் தொடங்கி வைக்க மங்கள இசை வேண்டும். அது முடிவதற்குள் பாதி நாற்காலி காலி. தோடி என்றதும் நாயனக்காரர் ராஜரத்தினம் பிள்ளை பெயரைச் சொல்லாத ரசிகர் உண்டா? அவருக்கே மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கிடைக்கவில்லை. 1956-ல் கண்ணை மூடிவிட்டார். 1998-ல் ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு 2025 வரை ஒரு நாகஸ்வரக்காரருக்கும் இல்லை. 2024-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு அறிவித்தபோது ஊரே இரண்டுபட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலான பரிசை அவருக்குத் தரலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. அத்தனை கொதித்தவர்களில் எத்தனை பேர் ஒரு நாயனக்காரனின் பெயரைச் சொன்னீர்கள்?

என் மகன் நன்றாக வாசிப்பான். கம்பீரநாட்டையை எடுத்தால் எனக்கே உடம்பு சிலிர்க்கும். அன்றைக்கு மண்டபத்தில் எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மறு வாரமே திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் சேர்ந்துவிட்டான். "போதும்பா" என்றான். நான் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பேன்?

ஐயா, அம்மா, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டால் ஒரு பாயை விரியுங்கள். கால்மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். எடுத்த ராகத்தை முடிக்க விடுங்கள்.