ஸ்டீக் என்றால் நாகரிகம், மாட்டுக்கறி என்றால் தீட்டு

துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகள் சமூக வலைத்தளங்களில் போடும் படங்களில் பிரேசில் ஸ்டீக் உணவகம் இப்போது அடிக்கடி தட்டுப்படுகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே விலை. போய் உட்கார்ந்தால் போதும். நீளக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை ஏந்திக்கொண்டு பரிமாறுபவர்கள் மேசை மேசையாக வருவார்கள், தட்டின் மேலேயே கத்தியால் சீவிப் போடுவார்கள். மேசையில் ஒரு வட்ட அட்டை இருக்கும். பச்சைப் பக்கம் மேலே இருந்தால் கொண்டு வா என்று பொருள், சிவப்பைத் திருப்பி வைத்தால் போதும் என்று பொருள். இந்த முறைக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ரொடீசியோ என்று பெயர். நம் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு சுற்றி வருகிறார்களே, அதையே கறியில் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படங்களில் இருப்பது மாட்டுக்கறி. அதுவும் துண்டு துண்டாக இல்லை, முழுத் தொடை. ஊரில் இருக்கும் மாமனும் மச்சானும் அதற்குக் கீழே இதயம் போடுகிறார்கள். சாதிப் பெயரைப் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருப்பவர்களும் போடுகிறார்கள். யாருக்கும் தீட்டுப்படவில்லை, யாருடைய குலதெய்வமும் கோபித்துக்கொள்ளவில்லை.

இதே கடற்கரையில் நமக்குத் தெற்கே, நாகப்பட்டினம் மாவட்டம் பொரவச்சேரியில், 2019 ஜூலையில் ஓர் இசுலாமிய இளைஞர் மாட்டுக்கறி சூப் குடிப்பதைப் படம் எடுத்து முகநூலில் போட்டார். அதற்காக ஒரு கும்பல் வீடு தேடி வந்து அவரைத் தாக்கியது. அங்கே இருந்ததும் மாடுதான், இங்கே இருப்பதும் மாடுதான். அங்கே அது ஸ்டீக், இங்கே அது குற்றம். மாட்டுக்கறி உண்பதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. கட்டுப்பாடு வெட்டுவதற்குத்தான். ஆனாலும் சூப்புக்கு அடி விழுகிறது.

அந்த ஸ்டீக் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் கிளறிப் பார்த்தால் நமக்கு நெருக்கமான ஒரு கதை கிடைக்கும். உலகிலேயே அதிகமாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். அங்கே இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளில் மிகப் பெரும்பாலானவை 'நெலோரே' இனம், அல்லது அதன் கலப்பு. நெலோரே என்பது வேறொன்றுமில்லை, நம் நெல்லூர்! அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் சீமையின் ஓங்கோல் மாடுகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கப்பலேறிப் போய் அங்கே பெருகின. 2023இல் ஒரு நெலோரே பசுவின் மதிப்பு 35 கோடி ரூபாய்க்கு மேல் போனது. உலகின் விலை உயர்ந்த மாடு என்று கின்னஸ் பதிவேட்டில் ஏறியதும் அதுதான். ஒரிஜினல் கோமாதா ஆந்திராவில் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருக்க, பேத்தி பிரேசிலில் கோடீசுவரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உணவகங்களில் விரும்பிக் கேட்டு வாங்கும் கறி வகைகளில் 'குப்பிம்' என்று ஒன்று உண்டு. மாட்டின் திமில்தான் அது. ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் கிடையாது, நம் நாட்டு மாட்டுக்குத்தான் உண்டு. எந்தத் திமிலைத் தழுவினால் வீரம் என்று இங்கே சாதிச் சங்கங்கள் சுவரொட்டி ஒட்டுகின்றனவோ, அந்தத் திமில் அங்கே கம்பியில் சொட்டச் சொட்ட வருகிறது.

அதற்காகப் பிரேசிலைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. காவ்சோ என்கிற குதிரைவீரன், திறந்த புல்வெளி, நெருப்பு என்று அந்த உணவகங்கள் விற்கும் படம் ஒரு பாதிதான். தென் பிரேசிலின் பெலோட்டாஸ் பகுதியில் 19ஆம் நூற்றாண்டு முழுக்க மாட்டுக்கறியை உப்பிட்டுக் காயவைக்கும் கொட்டில்கள் இயங்கின. அங்கே வெட்டியதும் உப்பில் புரட்டியதும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அந்தக் காய்ந்த கறி கரும்புத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் இருந்த மற்ற அடிமைகளுக்கே தீனியாகப் போனது. அமெரிக்கக் கண்டத்தில் அடிமைமுறையைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில், 1888இல். இன்றும் அங்கே கொத்தடிமை நிலையிலிருந்து தொழிலாளர்கள் மீட்கப்படும் இடங்களில் மாட்டுப் பண்ணைகள் முன்னணியில் நிற்கின்றன. அமேசான் காடு அழிவதிலும் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த உப்புக் கறிக்குச் 'சார்க்கி' என்று பெயர். நம் சேரியில் கொடியில் காயும் உப்புக்கண்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உழைத்தவன் உணவுக்கு இரண்டு ஊரிலும் ஒரே உப்புதான்.

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். மாட்டைத் தொட்டதால்தான் தீட்டு, மாட்டைத் தின்றதால்தான் தீட்டு என்று இன்றும் நம்மிடம் வாதிடுபவர்களுக்குப் பதில் சிதம்பரத்திலேயே இருக்கிறது. நந்தனார் கதையை நெருப்பில் இறங்கியதிலிருந்தே எல்லோரும் தொடங்குகிறோம். அதற்கு முன்னால் அவர் என்ன வேலை செய்தார் என்பதைச் சேக்கிழார் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். கோயில் முரசுகளுக்குப் போர்த்தும் தோல், அதை இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை, இவ்வளவையும் கொடுத்தவர் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனார். கோரோசனை என்றால் மாட்டின் பித்தப்பையில் உருவாகும் கல். செத்த மாட்டை அறுத்தால்தான் அது கையில் வரும். மாட்டின் தோல் உள்ளே போகிறது, நரம்பு உள்ளே போகிறது, பித்தக்கல் சாமிக்கே போகிறது. அதை அறுத்து எடுத்த மனிதன் மட்டும் எல்லைக்கு வெளியே நிற்கிறான். உள்ளே வர வேண்டுமானால் எரிய வேண்டும்.

அப்படியானால் அருவருப்பு மாட்டின் மீது என்று எப்படி நம்புவது? மாடு ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. யார் கை அதைத் தொட்டது, யார் வீட்டு அடுப்பில் அது வெந்தது என்பதுதான் எப்போதும் பிரச்சினை. ஸ்டீக் உணவகம் அதை நமக்குப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிட்டது. சேரியின் கை படாமல், சேரியின் பெயர் இல்லாமல், வெள்ளைத் தட்டில் வெளிநாட்டுப் பெயரோடு வந்தால் அதே கறி நாகரிகமாகிவிடுகிறது.

இதற்கு விமானம் ஏறக்கூட வேண்டாம். கடலூரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுத் தெருக்களின் உணவகங்களில் ஸ்டீக் சாப்பிட வார இறுதியில் இங்கிருந்து கார்கள் போகின்றன. திரும்பி வரும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் பீஃப் பக்கோடா பொரிகிற வாசம் அடித்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிற கார்களும் அவற்றில் உண்டு. கடலூருக்குள்ளும் மாட்டுக்கறி கிடைக்கும், ஆனால் தேடத் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மாலையானால் மீன் வறுவல், பஜ்ஜி, சுண்டல், சிக்கன் 65 என்று வரிசை கட்டி நிற்கும் கடைகளில் பீஃப் என்று பலகை எழுதிய கடையை நான் பார்த்ததில்லை. அதே தேவனாம்பட்டினத்தில்தான் பெரியார் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெருநகரங்களில் 'அன்லிமிடெட்' என்று மேசையிலேயே நெருப்பு வைத்துத் தருகிற உணவகங்கள் வந்துவிட்டன. பிரேசில் வடிவத்தின் நம்மூர்த் தம்பி. கோழி, ஆடு, இறால், அன்னாசி எல்லாம் கம்பியில் வரும். நான் பார்த்த பட்டியல்களில் மாடு வரவில்லை. ரொடீசியோவின் உயிரே மாடு. உயிரை எடுத்துவிட்டு உடம்பை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம். அதற்கும் அளவில்லாதது என்றுதான் பெயர்.

அள்ளி அள்ளிப் பகிர்ந்து உண்பது பிரேசில்காரன் கற்றுத் தந்த புதுமையா என்ன? சேரியில் பங்குக்கறி என்று ஒன்று உண்டு. நாலைந்து குடும்பமோ பத்துக் குடும்பமோ பணம் போட்டு ஒரு மாட்டை வாங்கி, அறுத்து, இலையில் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் சதையும் இருக்கும், எலும்பும் இருக்கும், கொழுப்பும் ஈரலும் இருக்கும். ஒருவனுக்கு முழுத் தொடையும் இன்னொருவனுக்கு வெறும் எலும்பும் போகாது. காசில்லாத கிழவிக்கும் ஒரு கூறு ஒதுங்கும். போட்டியைக் கழுவிச் சுத்தம் செய்கிற வேலை மட்டும் பெண்கள் தலையில்தான் விழும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பங்கீட்டில் இருந்த அந்த நியாயத்தை எந்த உணவக விமர்சகரும் எழுதியதில்லை.

சரி, அரசு நடத்துகிற சமபந்தி இருக்கிறதே என்பீர்கள். ஆகஸ்ட் 15 அன்றும் பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளிலும் அறநிலையத்துறைக் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. ஆட்சியர் தரையில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிடுகிற படம் மறுநாள் நாளிதழில் வரும். அதை நான் கேலி செய்யவில்லை. ஒருகாலத்தில் அதுவே பெரிய கலகம். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1925இல் பெரியாரும் வரதராஜுலுவும் போராட வேண்டியிருந்தது. 1917இல் கேரளத்தின் செறாயியில் ஈழவரான சகோதரன் ஐயப்பன் புலையர்களோடு அமர்ந்து உண்டதற்காக அவர் சொந்தச் சாதியே அவரைப் 'புலையன் ஐயப்பன்' என்று இழித்தது. அவர் அதைப் பட்டம்போல் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் நூறு ஆண்டு கழித்தும் சமபந்தியின் இலக்கணம் மாறவில்லையே! இடம் கோயில், உணவு சைவம். நீ எங்கள் பந்திக்கு வரலாம், உன் உணவை வெளியே விட்டுவிட்டு வா என்பதுதான் அழைப்பு. நந்தனிடம் கேட்ட நெருப்பு அளவில் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சமபந்தியில் தலித் ஆதிக்க சாதியின் உணவை உண்கிறார். ஆதிக்க சாதி எந்தப் பந்தியில் தலித்தின் உணவை உண்கிறது? பள்ளிக் குழந்தைகளுக்கு அரசே கொடுக்கும் சைவச் சோற்றைக்கூட ஒரு தலித் பெண் சமைத்தால் சாப்பிட விடமாட்டோம் என்று 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் பெற்றோர் தகராறு செய்தார்கள். அங்கே மாடும் இல்லை, ஆடும் இல்லை. சமைத்த கை மட்டும் இருந்தது.

சேர்ந்து உண்டால் சாதி போய்விடும் என்று அண்ணல் அம்பேத்கரும் நம்பவில்லை. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையிலேயே, பல சாதிகளுக்கிடையே உண்பதற்குத் தடையில்லை, ஆனாலும் சாதி அப்படியே இருக்கிறது, அகமணம் உடைந்தால்தான் சாதி உடையும் என்று வாதிட்டார். அதற்கு நம் மாவட்டம் கொடுத்த சாட்சி கண்ணகியும் முருகேசனும். விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள். அவள் வன்னியர், அவர் பொறியியல் படித்த தலித். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்தார்கள். ஜூலை 8ஆம் நாள் ஊரார் முன்னிலையில் இருவருக்கும் நஞ்சைப் புகட்டி, உடல்களை எரித்தார்கள். கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். படித்த இடத்தில் ஒரே கேண்டீனில் தேநீர் குடிக்க விடுகிற சமூகம்தான் இதைச் செய்தது. 2020இல் சிதம்பரத்துக்கு அருகே தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தியதும் இதே சமூகம்தான்.

அப்படியிருக்க, உணவைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பெண் கொடுக்க மாட்டேன் என்பவனும் இடம் கொடுக்க மாட்டேன் என்பவனும் முதலில் நீட்டுகிற காரணம் "அவங்க அதைத் தின்பாங்க" என்பதுதான் என்பதால் பேச வேண்டியிருக்கிறது. வாடகை வீட்டுக்கு அலைந்தவர்களுக்கு இது தெரியும். ஸ்டீக் படம் அந்தக் காரணத்தைப் பொய்யாக்குகிறது. பையன் துபாயில் "அதை"த் தின்றபோது வராத குமட்டல், மருமகள் வீட்டில் வெந்தால் வருகிறது.

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூரில் பீஃப் பிரியாணி எவ்வளவு இயல்பானது என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். திருவிழாவில் மட்டும் அதற்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, வெளியே நாங்களே இலவசமாகக் கொடுக்கிறோம் என்று விடுதலைச் சிறுத்தைகள் அறிவித்தார்கள். மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று ஆட்சியருக்கு நோட்டீசு அனுப்பியது. அந்த ஆண்டு யாரும் பிரியாணி சாப்பிடவில்லை, ஆனால் ஒரு கேள்வி அரசுக் கோப்பில் ஏறியது.

அந்தக் கோப்பைக் கடலூரிலும் திறக்கலாம். அடுத்த முறை சில்வர் பீச்சில் அரசு விழா நடந்து உணவு அரங்கு ஒதுக்கும்போது, சேரிப் பெண்களின் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று மாட்டுக்கறி வறுவலுக்கும் உப்புக்கண்டக் குழம்புக்கும் அரங்கு கேட்டு மனுக் கொடுக்கட்டும். பலகையில் பீஃப் என்றோ ஸ்டீக் என்றோ எழுத வேண்டாம். மாட்டுக்கறி என்றே கொட்டை எழுத்தில் எழுதட்டும். மனுவை வாங்கும் அதிகாரி அதற்கு என்ன காரணம் சொல்லி மறுக்கிறார் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவோம். ஒதுக்கிவிட்டால், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் தம்பிகளை முதல் வரிசையில் எதிர்பார்க்கிறோம். ஒரு படமும் எடுத்துப் போடட்டும்.