ஆறுதலுக்கும் மொழி வேண்டும்

‘அன்புக்கு மொழி கிடையாது’ என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கடும் நோயில் படுத்தறியாதவர்கள் சொல்லும் வசனம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் இருதய நோயினால் கொழும்பில் வைத்தியசாலையொன்றில் கிடந்தேன். அடுத்த கட்டிலில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த முதியவர். இரவுக் கடமையிலிருந்த சிங்களத் தாதி அவருடைய கையைப் பற்றித் தடவிக்கொடுத்தார். அந்தக் கருணையில் குறையேதும் இல்லை. ஆனாலும் பெரியவர் என் பக்கம் திரும்பி, “ஐயா, நான் பொழைச்சு வீடு போவேனான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார். கேட்டேன். தாதி அருகில் அமர்ந்து, மறுநாள் செய்யவிருந்த சிகிச்சையைப் பொறுமையாக விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். அதன்பிறகே அவர் கண்ணயர்ந்தார்.

நான் அங்கு இல்லாதிருந்தால்?

வெறும் நம்பிக்கை வார்த்தைகள் நோயாளியை வதைக்கும் என்று புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859 இலேயே தனி அத்தியாயம் எழுதிக் கண்டித்தார். நோயாளியின் அச்சத்தைக் கேட்டறிந்து விடையளிப்பதே ஆறுதல். கேட்பதற்கு மொழி வேண்டாமா?

தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறிற்று. அது பெயர்ப்பலகையோடு நின்றுவிடலாகாது. அந்தத் தாதியை நான் குறைகூறேன். தமிழ் கற்பிக்காமலே அவரைக் கடமைக்கு அனுப்பிய முறைமையையே குறைகூறுகிறேன். தமிழ்ப் பிரதேசங்களில் சிகிச்சை பெறும் சிங்கள நோயாளிக்கும் இதே நியாயந்தான். ஒவ்வொரு கடமைநேரத்திலும் இரு மொழியும் அறிந்த ஒருவரேனும் நோயாளர் விடுதியில் இருக்கவேண்டும். மருந்தைப் போல அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.