பார்க்கிற வேலைக்கு யார் காசு குடுக்கிறது?

எங்களிட்ட இருக்கிறது 25 வயது கடந்த ஒரு ஜப்பான் கார். எங்களில் ஒருவரின் மாமாவுடையது. திரையிடல், நாடக ஒத்திகை, புத்தகம் ஏத்தி இறக்கிறது எண்டு எல்லாத்துக்கும் அதுதான் ஓடித் திரியுது. போன மாரியில் அது முனகத் தொடங்கியது. ஸ்ரியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் "ம்ங்ங்ங்" எண்டு ஒரு சத்தம், எஞ்சின் வேகம் கூடக் கூட அதுவும் கூடும். முதலில் நாங்கள் பாட்டைக் கூட்டி வைச்சம். பிறகு ஒயில் விட்டம். இரண்டு கிழமை அடங்கியிருந்து, திரும்ப வந்தது.

கராஜுக்குக் கொண்டுபோனம். பொனட்டைத் திறந்து இரண்டு நிமிசம்கூடப் பார்க்கேல்லை. "பம்ப் போயிட்டுது, ரீகண்டிஷன் ஒண்டு போடுவம்" எண்டார்கள். போட்டம். மூண்டாம் நாள் அதே முனகல். "அப்ப ராக்தான்" எண்டார்கள். ராக் மாத்துற காசு எங்களிட்ட இல்லை. அதாலதான் தப்பினம்.

பிறகு ஒருவர் சொல்லி, வயதான ஒரு மெக்கானிக்கிட்டப் போனம். அவர் அரை மணித்தியாலமாக ஸ்பனரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, எங்களில் ஒருவரை ஸ்ரியரிங்கைத் திருப்பச் சொன்னார். குனிஞ்சு கேட்டார். ஒயில் போத்தலின் மூடியைத் திறந்து, "இதைப் பாருங்கோ பிள்ளையள்" எண்டார். உள்ளே சவர்க்கார நுரை மாதிரிக் கிடந்தது.

நுரை எண்டால் ஒயிலுக்குள் காத்து. பம்ப் போத்தலிலிருந்து ஒயிலை உறிஞ்சி, அழுத்தம் ஏத்தி ராக்குக்கு அனுப்புது. அழுத்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒயில் வெளியே ஒழுகும், நிலத்தில் தெரியும். உறிஞ்சுற பக்கத்தில் இருந்தால் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் காத்து உள்ளே போகலாம். போத்தலுக்கும் பம்புக்கும் இடையிலான ஹோஸ் இறுகிப்போய், கிளிப் பிடிக்காமல் இருந்தது. பம்பை மாத்தினபோதும் அதே பழைய ஹோஸைத்தான் திரும்பக் கொழுவியிருக்கினம். புது ஹோஸ், இரண்டு கிளிப், போத்தலுக்குள் இருந்த அடைபட்ட வலையைக் கழுவினது, புது ஒயில். பிறகு முன் சில்லுகளை ஜாக்கியில் உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்து, எஞ்சினை நிப்பாட்டிக்கொண்டு, ஸ்ரியரிங்கை ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு மெல்ல 20 தரம் திருப்பினார். ஒயில் இறங்க இறங்க விட்டார். குமிழி நிண்ட பிறகுதான் எஞ்சினை ஸ்ராட் பண்ணினார். சத்தம் இல்லை.

அண்டைக்கு அவரிட்டக் கேட்டுப் படிச்சதை இங்கே எழுதி வைக்கிறம். திருப்பும்போது முனகினால் முதலில் ஒயில் மட்டத்தையும் நுரையையும் பாருங்கோ. "கீச்" எண்டால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், தேய்ஞ்சிருக்கலாம். "டொக்" எண்டு அடிச்சால் அது பெரும்பாலும் ஒயில் பிரச்சினை இல்லை, மூட்டுகளிலோ ராக்கைப் பிடிச்சிருக்கிற இடத்திலோ ஆட்டம். அதைப் பார்க்காமல் ஓடாதேங்கோ. முழுசாக ஒடிச்சுப் பிடிக்கும்போது மட்டும் வாற இரைச்சல் வழமையானது, ஆனால் சில விநாடிக்கு மேல் பிடிச்சிருந்தால் ஒயில் சூடாகும். எந்த ஒயிலும் விடலாம் எண்டு நினைக்கவேண்டாம்: பழைய டொயோட்டாக்கள் பலதுக்கு ஏ.ரி.எஃப்., ஹொண்டாவுக்கு அதற்கென்றே தனி ஒயில். வாகன் ஆர், பிரியஸ் மாதிரிக் கார்களில் ஸ்ரியரிங்கைத் திருப்ப உதவுறது மோட்டர். அதில் ஒயிலே இல்லை.

இதில எங்கட கோபம் முதல் கராஜில்தான் இருந்தது. இப்ப அவ்வளவு இல்லை. ஏனெண்டால் வயதான அண்ணையிட்ட "எவ்வளவு?" எண்டு கேட்டபோது, ஹோஸுக்கும் ஒயிலுக்கும் பூட்டின கூலிக்கும்தான் கணக்குச் சொன்னார். அந்த அரை மணித்தியாலத்துக்கு ஒண்டும் இல்லை. நாங்களும் "மலிவாய் முடிஞ்சுது" எண்டு சந்தோசமாகக் காசைக் குடுத்திட்டு வந்தம்.

யோசிச்சுப் பாருங்கோ. சனல் பண்ணி டொக்டரைப் பார்த்தால், பனடோல் மட்டும் எழுதினாலும் சனல் காசைத் திருப்பிக் கேக்கிறதில்லை. பார்த்ததுக்குத்தான் அந்தக் காசு எண்டு எங்களுக்குத் தெரியும். மெக்கானிக் மட்டும் பாட்ஸ் மாத்தினால்தான் வேலை செய்தவர். நல்லாய்ப் பார்த்து, ஒரு கிளிப்பை இறுக்கிவிட்டால் "இதுக்கோ காசு?" எண்டு கேப்பம். அப்ப வீடு நடத்தவேண்டிய ஒரு மெக்கானிக் என்ன செய்வார்? பார்க்கிறதை விட்டிட்டு மாத்துவார். அந்தப் பழக்கத்துக்கு நாங்களும் பொறுப்பு.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மாத்தப் பாட்ஸ் இல்லாததால் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. அந்தத் தட்டுப்பாட்டைப் புகழ எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் அதில் வந்த கைத்திறன், வாங்க ஆளில்லாததால் எங்கட கண்முன்னால் போகுது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிண்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்தும் என்ன, புதுக் கார் எங்களில் எத்தினை பேருக்கு எட்டும்? இருக்கிறதைத்தான் ஓட்டப்போறம். அதைப் பார்க்கத் தெரிஞ்ச ஆக்கள் வேணும்.

பார்க்கிறதுக்குக் காசு குடுத்தால் எல்லாரும் நேர்மையாயிடுவினமோ எண்டு கேப்பியள். மாட்டினம்தான். அதனால் நாங்களும் கேள்வி கேக்கோணும்: ஏன் இதை மாத்துறியள்? பழுதை எனக்குக் காட்டுங்கோ, இதைவிடச் சின்னக் காரணம் ஏதும் இருக்கோ? காட்டுறவருக்கு அந்த நேரத்தின் கூலியையும் சேர்த்துக் குடுக்கோணும், பேரம் பேசாமல்.

போன கிழமை திரும்ப அந்த அண்ணையிட்டப் போய், அண்டையான் அரை மணித்தியாலத்துக்கு எண்டு காசை நீட்டினம். அவர் சிரிச்சார், "அடுத்த முறை பாப்பம்" எண்டார். அடுத்த முறை கணக்கில் முதல் வரியாக அதைத்தான் எழுதச் சொல்லப்போறம்.