மூலையில் கிடக்கும் விதிகள்

'வேலை கொடு' என்றால் பணி கொடு என்று பொருள். 'வேலைக் கொடு' என்றால் வேலாயுதத்தைக் கொடு என்று பொருள். தமிழ்ப்பள்ளியில் வலிமிகும் இடங்களைப் படித்தவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். கணினி மொழிகளிலும் இப்படி ஒரு குறியால் பொருள் மாறும் இடங்கள் உண்டு. ஆனால், கணினியியல் மாணவர்களிடையே அவற்றைத் 'தேர்வுக்கு வராதவை' என்று ஒதுக்கும் போக்கைக் காண்கிறேன். இது சரியன்று.

ஜாவாஸ்கிரிப்டில் அரைப்புள்ளி இடாமல் விட்டால் பல இடங்களில் அம்மொழியே அதை இட்டுக்கொள்ளும். வசதிதான். ஆனால், 'ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டு, அனுப்ப வேண்டிய எண்ணை அடுத்த வரியில் எழுதினால், 'ரிட்டர்ன்' அருகிலேயே அரைப்புள்ளி விழுந்துவிடும். எண் திரும்பி வராது. பிழைச் செய்தியும் வராது.

சி மொழியில் 'இஃப்' நிபந்தனைக்குப் பின் நெளிவு அடைப்புக்குறி இடாவிட்டால், அடுத்துவரும் ஒரே ஒரு கட்டளைதான் அதற்குக் கட்டுப்படும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் திருத்திய பாதுகாப்புக் குறையை நினைத்துப் பாருங்கள். 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி அந்த நிரலில் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி இருந்ததால், இரண்டுமே நிபந்தனைக்கு உட்பட்டவை போலத் தோன்றின. கணினிக்கோ இரண்டாவது வரி எப்போதும் நிறைவேற்ற வேண்டிய கட்டளை. அதனால், இணையத்தளத்தின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியை நிரல் தாண்டிச் சென்றது. பொது வைஃபையில் காத்திருக்கும் மோசடிக்காரர், ஐபோன் வைத்திருப்பவரிடம் வங்கித் தளம்போல் நடிக்க வழி பிறந்தது.

மொழியை வடிவமைப்பவர்கள் இதைத் திருத்தக் கூடாதா என்று கேட்கலாம். பைத்தானில் உள்தள்ளலே இலக்கணம். கண் காண்பதையே கணினியும் காண்கிறது. ஆனால், சி, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் உலகமே நிரல் எழுதிக் குவித்துவிட்டது. விதியை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் நின்றுபோகும். ஆக, கற்பவர்தான் விதியை அறிந்திருக்க வேண்டும்.

இன்று செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் நிரல் எழுதித் தருகிறது. அதைப் படித்துச் சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையது. விரிவுரையாளர்கள் வாரம் ஒரு முறை இத்தகைய சிறு நிரலைக் காட்டி, 'இது என்ன செய்யும்?' என்று கேட்கலாம். மாணவர்களாகிய நாமும், விடையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் முன் தாளில் எழுதிப் பழகுவோம்.