உடம்பு 48 கிலோ, தூக்குவது 115 கிலோ: மீராபாய்க்கு இப்போ தசை ஏன் தேவைப்படுது?

மீராபாய் சானுவை ஜிம்முக்குப் போகிற ஒரு கல்லூரிப் பையன் பக்கத்தில் நிறுத்தினால், கை சைஸில் பையன்தான் ஜெயிப்பான். ஆனால் 2025 அக்டோபரில் நார்வேயில் நடந்த உலக பளுதூக்குதல் போட்டியில், 48 கிலோ பிரிவில் அவர் தூக்கியது ஸ்னாட்ச் 84, கிளீன் அண்ட் ஜெர்க் 115, மொத்தம் 199 கிலோ. வெள்ளிப் பதக்கம். இவ்வளவு பலம் எங்கிருந்து வருது?

தசையில் மட்டும் இல்லை, நரம்பிலும் இருக்கு. நாம் ஒரு பொருளைத் தூக்கும்போது, தசையில் உள்ள எல்லா நார்களையும் மூளை ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கனமான எடையைத் தூக்கிப் பழகப் பழக, அதிக நார்களை வேகமாக இறக்கிவிட அது கற்றுக்கொள்கிறது. ஜிம்மில் சேர்ந்த முதல் சில வாரங்களில் கை பெருக்காது, ஆனா தூக்குற எடை மட்டும் ஏறிட்டே போகும். காரணம் இதுதான்.

அதனால் பலத்துக்கான பயிற்சியில் எடை அதிகம், எண்ணிக்கை குறைவு. ஒரு செட்டுக்கு 1 முதல் 5 ரெப்ஸ், நடுவில் 3 முதல் 5 நிமிஷம் ஓய்வு. தசை வளர்க்கும் கணக்கு வேற. மிதமான எடையில் 6 முதல் 12 ரெப்ஸ் என்பது பழைய விதி. 20, 25 ரெப்ஸிலும் தசை வளரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் "இனி முடியாது" என்கிற நிலையை நெருங்கும் வரை செய்யணும். வாரத்துக்கு மொத்தம் எத்தனை செட், எவ்வளவு புரோட்டீன் என்பதும் முக்கியம். (தினமும் மேக்ஸ் எடையைத் தூக்கிப் பார்க்கிற தம்பிகளே, அது பரீட்சை. பயிற்சி இல்லை.)

மீராபாய்க்கு இத்தனை வருஷம் தசை ஏறுவதே ஒரு சிக்கல். எடைப் பிரிவைத் தாண்டினால் மேடையே ஏற முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். பாரிஸில் 199 தூக்கியும் ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் போச்சு. 2025 ஜூனில் எடைப் பிரிவுகள் மாற்றப்பட்டு 49 கிலோவே இல்லாமல் போக, 48-க்கு இறங்கினார்.

இப்போ கதை தலைகீழ். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவே 53 கிலோ. அப்போது அவருக்கு வயது 33. வெறும் கொழுப்பாக 5 கிலோ ஏற்றுவது சுலபம். அது பாரைத் தூக்க உதவாது. தசையாக ஏறணும். பல வருஷம் பயிற்சி எடுத்த உடம்பில் அது மெதுவாகத்தான் நடக்கும்.

ஏறினாலும் வேலை முடியலை. புதுத் தசையை நரம்பு பயன்படுத்தப் பழகணும். அதனால் முதலில் சில மாதம் ரெப்ஸ் கூட்டி தசை வளர்ப்பு, பிறகு எடை கூட்டி பலம் என்றுதான் பயிற்சியைப் பிரித்தாகணும். அந்த 53 கிலோ பிரிவில் போட்டியாளர்களும் காத்திருப்பார்கள்.